முதல்ல அந்தப் பால் கிண்ணத்தை எடுங்க!

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல லோன் ஃபைல் பார்க்கிற ஆசாமி. பூனையைப் பத்திப் பேச எனக்கு என்ன தகுதின்னு கேட்டீங்கன்னா, ஒரு குட்டியைச் சாகவிட்டவன், இன்னொரு குட்டியைப் பிழைக்க வச்சவன். இந்த ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதுதான் இந்தப் பதிவு.

ஊரை விட்டு வந்து இருக்கிற நம்ம மாதிரிக் குடும்பங்கள்ல இது அடிக்கடி நடக்குது. மாற்றலாகி ஒரு புது ஊருக்கு வருவோம். பிள்ளைங்களுக்குப் புதுப் பள்ளிக்கூடம், புது பாஷை, விளையாடத் துணை இல்லை. ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே ஒரு பூனைக்குட்டி "மியாவ்"ங்கும். பிள்ளைங்க தூக்கிட்டு வந்துடும். அம்மா ரெண்டு நாள் திட்டுவாங்க, மூணாவது நாள் அவங்கதான் பால் ஊத்துவாங்க. நாலாவது நாள் குட்டிக்கு வயித்தால போக ஆரம்பிக்கும். அப்புறம்?

அப்புறம்தான் நம்ம கைவைத்தியம் ஆரம்பிக்கும்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து லேக் மார்க்கெட் பக்கத்துல வீடு. (வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி எல்லாம் நடந்து போய் வாங்கலாம். அதனாலதான் பழைய காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் இந்தப் பக்கமே குடியிருந்திருக்காங்க.) ஒரு மழை நாள்ல பெரியவள் ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்தா. மிட்டாய்க் கடை வாசல்ல கிடைச்சதால பேரு மிஷ்டி. கையளவுதான் இருக்கும். வயசு அஞ்சு வாரம் இருக்கலாம்னு இப்ப யோசிச்சா தோணுது. அப்ப அதெல்லாம் யோசிக்கலை.

பாக்கெட் பாலைக் காய்ச்சி, ஆற வச்சு, தண்ணி கலந்து கொடுத்தோம். ஆசையாக் குடிச்சுது. பூனைன்னா பால்தானே? சின்ன வயசுல படிச்ச பாடப் புத்தகம், பார்த்த படம் எல்லாத்துலயும் பூனை பால்தான் குடிக்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணியாப் போச்சு. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. காலையில இன்னும் நாலு தடவை போயிருந்தது.

ஊருக்கு போன் போட்டேன். அம்மா சொன்னாங்க: "ஏண்டா, துளி ஓமத்தண்ணி குடுத்துப் பாரேன். உனக்கெல்லாம் அதுதான் குடுத்தேன், நீ நல்லாத்தானே இருக்கே?" கொடுத்தேன். குடிக்கலை, துப்பிடுச்சு. வெறும் வயித்தோட இருக்கக்கூடாதேன்னு திரும்பவும் பால். உடம்பு சுடற மாதிரி இருந்ததுன்னு சின்னவனோட காய்ச்சல் சொட்டு மருந்தைக் கையில எடுத்தேன். நல்லவேளை, என் மனைவி "ஏங்க, தெரியாம எதுவும் கொடுக்காதீங்க"ன்னு பிடுங்கி வச்சுட்டா. அது எவ்வளவு பெரிய நல்லவேளைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை மதியம் குட்டி விளையாடலை. மூலையில சுருண்டு கிடந்தது. காது தொட்டா சில்லுன்னு இருந்தது. "நாளைக்குத் திங்கட்கிழமை, ஆபீஸ் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிடலாம்"னு சொன்னேன். ராத்திரி பதினொரு மணிக்கு மிஷ்டி போயிடுச்சு.

பெரியவள் அழலை. ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அப்பா, எனக்கு வயித்து வலின்னாலும் திங்கக்கிழமை வரைக்கும் காத்திருப்பீங்களா?"

பதில் சொல்ல முடியலை. இன்னிக்கும் இல்லை.

அதுக்கப்புறம் ஒரு வங்கிக்காரன் என்ன செய்வானோ அதைச் செஞ்சேன். ஒரு கணக்கு மூழ்கிப் போனா, எங்கே எந்தத் தேதியில கோட்டை விட்டோம்னு ஃபைலைப் புரட்டிப் பார்ப்போமில்லையா, அது மாதிரி. படிச்சேன், கால்நடை மருத்துவர்கள்கிட்ட கேட்டேன். என் கருத்து இதுதான்: வீட்டுல வச்சுப் பார்த்துக்கிறது வேற, வீட்டுலயே வைத்தியம் பார்க்கிறது வேற. நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறோம். முதலாவது அவசியம். இரண்டாவது ஆபத்து.

பால் விஷயத்துக்கு வருவோம். பசும்பால்ல லாக்டோஸ்ங்கிற சர்க்கரை சுமார் 5 சதவீதம் இருக்கு. அதைச் செரிக்க லாக்டேஸ்ங்கிற நொதி வேணும். தாய்ப்பால் குடிக்கிற வயசுல குட்டிக்கு அது இருக்கும், பால்குடி மறக்க மறக்கக் குறைஞ்சுகிட்டே போகும். செரிக்காத சர்க்கரை குடல்ல தங்கித் தண்ணியை உள்ளே இழுக்கும், கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். வயித்தால போகும். பூனையோட சொந்தப் பாலே வேற மாதிரி; அதுல புரதமும் கொழுப்பும் பசும்பாலை விட அதிகம். ஆகவே நாலு வாரத்துக்குள்ள இருக்கிற தாயில்லாக் குட்டிக்குக் கூடப் பசும்பால் சரிப்படாது. பூனைக்குட்டிக்குன்னே விக்கிற பால் பவுடர்தான் கொடுக்கணும். தெனாலிராமன் பூனை பாலைக் கண்டா ஓடும்னு சின்ன வயசுல சிரிச்சோமே, அந்தப் பூனைதான் விவரமான பூனை!

எங்க கீழ்வீட்டு மாஷிமா (பெங்காலியில பெரியம்மா, சித்தி மாதிரி ஒரு மரியாதைச் சொல்) மிஷ்டி போன மறுநாள் வந்து கேட்டாங்க: "துத் தியேச்சிலே?" பால் கொடுத்தியா? ஆமான்னேன். தலையில கை வச்சுக்கிட்டாங்க. "துத் தியோ நா, பாபா." பால் கொடுக்காதேப்பா. அவங்க வீட்டுல முப்பது வருஷமாப் பூனை இருக்கு. ஒரு மாடி இறங்கிக் கேட்டிருந்தாப் போதும். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் தாண்டி ஊருக்கு போன் போட்ட நான், ஒரு மாடி இறங்கலை. வெளியூர்ல இருக்கிற நம்ம எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு.

பெங்காலிகளுக்குப் பூனை மேல ஒரு தனி மரியாதை. குழந்தைகளைக் காப்பாத்தற ஷஷ்டி தேவிக்கு வாகனம் பூனை. அதுக்கு ஒரு விரதக் கதை உண்டு. கடைசி மருமகள் பலகாரத்தைத் தானே திருடித் தின்னுட்டுப் பூனை மேல பழியைப் போடுவா. பூனை தேவிகிட்ட முறையிடும். மருமகளோட குழந்தைகள் ஒண்ணொண்ணாக் காணாமப் போகும். கடைசியில மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நம்ம பக்கத்துல பூனை குறுக்கே போனா ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போவோம். இங்கே குழந்தைகளைக் காக்கிற தெய்வத்தைச் சுமக்கிறதே பூனை!

சரி, அடுத்து கைவைத்தியம். நம்ம அம்மாக்களோட கைவைத்தியத்தை நான் குறை சொல்லலை. ஓமம், வசம்பு, பெருங்காயம் எல்லாம் மனுஷக் குழந்தைக்குப் பழகின விஷயம். ஆனா பூனை சின்ன மனுஷன் இல்லை. அதோட கல்லீரல் வேற. மனுஷ உடம்பு சுலபமா வெளியேத்தற சில பொருட்களை அதோட உடம்பால வெளியேத்த முடியாது. முக்கியமான உதாரணம் பாரசிடமால். மனுஷனுக்கு வீட்டுக்கு வீடு இருக்கிற மருந்து, பூனைக்கு விஷம். ரத்தச் சிவப்பணுக்களால ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போயிடும். வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்னுடலாம், குட்டிக்குச் சில சொட்டே ஆபத்து. நான் கையில எடுத்த அந்தச் சொட்டு மருந்து அதேதான்! வெங்காயம், பூண்டும் அப்படித்தான், சிவப்பணுக்களை உடைக்கும். ரசஞ்சாதம் பிசைஞ்சு கொடுக்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

நமக்குப் பேதிக்குப் போடற "நிறுத்தற" மாத்திரை, டிராவுல மிச்சம் கிடக்கிற மெட்ரோனிடஸோல் சிரப், இதெல்லாம் டாக்டர் எடை பார்த்து அளவு சொல்லாம வேண்டவே வேண்டாம். அரைக் கிலோ உயிருக்கு "கால் மாத்திரை"ங்கிறது அளவே இல்லை, குருட்டு அடி. தயிர்சாதம்? பூனை இறைச்சி தின்னவே படைக்கப்பட்ட பிராணி. வயித்தைக் கட்டும்னு சோத்தைக் கொடுத்து ஏமாத்த முடியாது.

இப்ப நம்ம ஊர்ப் பெருமை ஒண்ணு. அதாவது, இப்ப நான் இருக்கிற ஊரோட பெருமை. வயித்துப்போக்குக்கும் கொல்கத்தாவுக்கும் ரொம்ப நாள் உறவு. காலரா கிருமி ஒரு நஞ்சைச் சுரந்துதான் குடலைக் கெடுக்குதுன்னு 1959-ல காட்டினவர் இந்த ஊர் சம்பு நாத் டே. 1971-ல பங்களாதேஷ் போர் நடந்தப்போ லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தாங்க. பன்காவ் ஊர்ல காலரா பரவிச்சு. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். நரம்புல ஏத்தற சலைன் தீர்ந்துக்கிட்டே வந்தது. அப்ப அங்கே போன டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைக் கலந்து டிரம்ல வச்சு, நோயாளியோட அம்மா, அக்கா, மாமா கையிலயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமா இருந்த சாவு 3.6 சதவீதமாக் குறைஞ்சுது. அவர் 2022-ல காலமானார். 2023-ல பத்ம விபூஷண் கொடுத்தாங்க. இன்னிக்கு நம்ம மருந்துக் கடையில வாங்கற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு உலகம் முழுக்க நம்பிக்கை வந்ததுல அந்தப் பன்காவ் நாட்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பூனைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? இருக்கு. பன்காவ்ல காப்பாத்தினது வீட்டு ஆளுங்கதான், ஆனா கையில இருந்தது அளந்த மருந்து. "கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை" இல்லை, கிராம் கணக்கு. குளுக்கோஸ் சோடியத்தைக் கூட்டிக்கிட்டுக் குடல் சுவரைத் தாண்டும், பின்னாலயே தண்ணியும் போகும். விகிதம் தப்பினா வேலை செய்யாது. சர்க்கரை கூடினா பேதியும் கூடும். இன்னொண்ணு, ரொம்ப மோசமா இருந்தவங்களுக்கு அங்கேயும் முதல்ல நரம்புல சலைன்தான். வீட்டுக் கவனிப்புக்கு ஒரு எல்லை உண்டுன்னு அந்த டாக்டருக்கே தெரியும். நமக்குத்தான் தெரியலை.

குட்டிக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா? வாந்தி இல்லாம, விழிப்பா இருக்கிற குட்டிக்கு, பொட்டலத்துல சொன்ன அளவு தண்ணியில கரைச்சு, டாக்டர்கிட்ட போறவரைக்கும் சொட்டுச் சொட்டாக் கொடுக்கிறது முதலுதவி. எவ்வளவுன்னு போன்லயாவது டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சால, வாயோட ஓரத்துல, குட்டி நாலு காலும் ஊன்றி இருக்கிறப்போ கொடுக்கணும். குழந்தையைப் போல மல்லாத்தி வச்சு ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிடும். விழுங்க முடியாம சோர்ந்து கிடக்கிற குட்டிக்கு வாயில எதுவும் ஊத்தக்கூடாது. முக்கியமா, கலர் கலரா அட்டைப் பெட்டியில வர்ற பழச்சுவை பானத்தை ஓ.ஆர்.எஸ்.ன்னு நினைச்சு வாங்கிடாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட அளவுப்படி இல்லாத பானங்கள் மேல "ஓ.ஆர்.எஸ்."ன்னு போடக்கூடாதுன்னு நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-ல உத்தரவே போட்டிருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கும் இது பொருந்தும்.

சரி, வீட்டுல நம்ம வேலைதான் என்ன? நிறைய இருக்கு.

முதல் வேலை சூடு. சின்னக் குட்டியால தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்க முடியாது. வளர்ந்த பூனையோட சாதாரணச் சூடு 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை, நம்மளை விட அதிகம். அதனாலதான் தொட்டா "சுடுது"ன்னு நமக்குத் தோணும். காய்ச்சலா இருக்கணும்னு இல்லை. உண்மையில பயப்பட வேண்டியது சில்லிப்புக்கு. வெந்நீர்ப் பையைத் துணியில சுத்தி ஒரு பக்கமா வைங்க, சூடு அதிகமானா நகர்ந்து போக இடம் விடுங்க. சில்லுன்னு இருக்கிற குட்டிக்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது, செரிக்காது. முதல்ல சூடு, அப்புறம்தான் சாப்பாடு.

இரண்டாவது எடை. சமையலறைத் தராசு போதும். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நல்லா வளர்ற குட்டி ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு கிராம் கூடும். கூடலைன்னா யோசிக்கணும், குறைஞ்சா கிளம்பணும். ஒரு நோட்டுல எழுதுங்க: தேதி, நேரம், எடை, என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை போச்சு, எப்படிப் போச்சு, ரத்தம் உண்டா. டாக்டருக்கு நம்ம கண்ணீரை விட இந்த நோட்டு உபயோகம். முடிஞ்சா மலத்துல கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில எடுத்துட்டுப் போங்க. (சிரிக்காதீங்க, நான் டிபன் பை பக்கத்துல வச்சு எடுத்துட்டுப் போயிருக்கேன். :-) )

மூணாவது சாப்பாடு. பால்குடி மறந்த குட்டியைப் பட்டினி போடக்கூடாது. பால் நிறுத்தணும், சாப்பாட்டை நிறுத்தக்கூடாது. குட்டிகளுக்கான உணவையே கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. அது இறங்கலைன்னா, உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காம வேகவச்ச கோழி மார்புக்கறியைப் பிய்ச்சு ஒண்ணு ரெண்டு நாளைக்குக் கொடுக்கலாம். (நாங்க சைவம். என் மனைவி அதுக்குன்னு ஒரு தனிப் பாத்திரம் வாங்கி வராந்தாவுல வச்சிருக்கா. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.) நல்ல தண்ணி எப்பவும் கிண்ணத்துல இருக்கணும்.

நாலாவது சுத்தம். அழுக்கான பின்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, உடனே ஈரம் போக ஒத்தி எடுக்கணும். குளிப்பாட்டக்கூடாது. மணல் தட்டைத் தினம் மாத்தணும். நாமும் பிள்ளைங்களும் சோப்பு போட்டுக் கை கழுவணும். குட்டியோட வயித்துல இருக்கிற சில கிருமிகளும் புழுக்களும் நமக்கும் ஒட்டும். கர்ப்பிணிகள் மணல் தட்டைத் தொட வேண்டாம். தெருவிலிருந்து வந்த குட்டி கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடற தண்ணியுமாப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு அன்னிக்கே போயிடணும்.

இப்ப முக்கியமான கேள்வி. எப்பக் கிளம்பணும்?

எங்க தொழில்ல ஒரு முறை உண்டு. ஒரு கடன் தவணை தள்ளிப் போனா உடனே வாராக்கடன்னு எழுத மாட்டோம். முப்பது நாள் வரைக்கும் ஒரு எச்சரிக்கைப் படி, அறுபது நாள் வரைக்கும் இன்னொண்ணு, தொண்ணூறு வரைக்கும் மூணாவது. தொண்ணூறு தாண்டினாத்தான் என்.பி.ஏ. அந்தப் பழக்கம் எங்க ரத்தத்துலயே ஊறிப்போச்சு: கொஞ்சம் பொறு, கவனி, நோட்டீஸ் அனுப்பு. மிஷ்டி விஷயத்துல அதைத்தான் செஞ்சேன். பூனைக்குட்டிக்குத் தொண்ணூறு நாள் கிடையாதுங்க. அரைக் கிலோ உடம்புல எவ்வளவு தண்ணி இருக்கும்? நாலஞ்சு தடவை போனாலே கையிருப்பு காலி.

என் கணக்கு இதுதான். எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டின்னா அன்னிக்கே கிளம்பணும், காத்திருக்கிறதே இல்லை. அதுக்கு மேல வயசு, விளையாடுது, சாப்பிடுது, வாந்தி இல்லை, ரத்தம் இல்லைன்னா அதிகபட்சம் 24 மணி நேரம் வீட்டுல பார்க்கலாம். வாந்தி, ரத்தம், சோர்வு, சாப்பிட மறுக்கிறது, வெளிறின ஈறு, சில்லுன்னு காது, உப்பின வயிறு, பிடரித் தோலைத் தூக்கி விட்டா உடனே படியாம கூடாரம் மாதிரி நிக்கிறது... இதுல ஒண்ணு இருந்தாலும் நேரம் பார்க்காதீங்க, செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க.

ஏன் இவ்வளவு அவசரம்? வயித்துப்போக்குங்கிறது நோய் இல்லை, அறிகுறி. பாலாலும் வரும், தாய்ப்பால் வழியா வர்ற உருண்டைப் புழுவாலும் வரும், காக்சிடியா மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாலும் வரும். எல்லாத்தையும் விடக் கொடுமையானது பன்லூகோபீனியாங்கிற வைரஸ். தடுப்பூசி போடாத குட்டிகளை ஒண்ணு ரெண்டு நாள்லயே கொண்டுபோயிடும். அந்தக் கிருமி வீட்டுக்குள்ள மாசக்கணக்குல, ஒரு வருஷம் வரைக்கும் கூட உயிரோட இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேணும். ஒரு குட்டி அப்படிப் போன வீட்டுல தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவரக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான். வெளியில இருந்து பார்த்து இது எந்த வகைன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டாக்டருக்கே மலத்தையும் ரத்தத்தையும் பார்த்தாத்தான் தெரியும்.

பைசா கதைக்கு வர்றேன். மிஷ்டி போய் ஒரு வருஷம் கழிச்சு மாஷிமா வீட்டுப் பூனை போட்ட குட்டி. ஏழு வாரம், தராசுல 610 கிராம். இந்தத் தடவை நோட்டு முன்னாடியே தயார். வந்த அஞ்சாம் நாள் காலையில ரெண்டு தடவை தண்ணியாப் போச்சு. எடை 585. அன்னிக்கு மாசக் கடைசி, ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. மேனேஜருக்கு போன் பண்ணி "வீட்டுல ஒரு எமர்ஜென்சி, பாதி நாள் லீவு"ன்னேன். "என்னாச்சு?"ன்னார். "பூனைக்குட்டிக்குப் பேதி"ன்னேன். ரெண்டு செகண்ட் மௌனம். அப்புறம் அவர் சொன்னார், "போங்க, போங்க, லேட் பண்ணாதீங்க." பெங்காலி மனுஷன், ஷஷ்டி தேவி வாகனமாச்சே!

டாக்டர் மலத்தை மைக்ராஸ்கோப்புல பார்த்தார். புழு முட்டையும் காக்சிடியாவும். தோலுக்கு அடியில சலைன் ஏத்தினார், எடைக்கு ஏத்த மருந்து எழுதினார், புழு மருந்து மறுபடி எப்பக் கொடுக்கணும்னு தேதி போட்டுக் கொடுத்தார். மருத்துவம் அவ்வளவுதான், அரை மணி நேரம். மீதி அஞ்சு நாளும் வீட்டுலதான்: மருந்து, சூடு, கோழிக்கறி, எடை, துடைக்கிறது. பெரியவள்தான் நோட்டு எழுதினா. ஆறாம் நாள் 640 கிராம். அந்த எண்ணுக்குக் கீழே ரெண்டு கோடு போட்டிருக்கா, நான் பாலன்ஸ் ஷீட்டுல போடற மாதிரி.

இப்ப சிலர் கேட்பீங்க: தெருப்பூனைக்கு இவ்வளவு செலவா? எத்தனையோ குழந்தைங்களுக்கே வைத்தியம் இல்லையே? நியாயமான கேள்விதான். என் பதில்: தெருவுல இருக்கிற எல்லாப் பூனையையும் தூக்கிட்டு வரணும்னு நான் சொல்லலை. தூக்கிட்டு வந்துட்டா அது நம்ம பொறுப்புன்னுதான் சொல்றேன். கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரர் மாதிரி. முடியாதுன்னா தாய்ப்பூனை பக்கத்துலயே விட்டு வைக்கிறது எவ்வளவோ மேல். பெரும்பாலும் தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வந்துடும்.

மாற்றல் வந்தா என்ன செய்யறதுன்னும் முன்னாடியே யோசிக்கணும். மூணு வருஷம் வளர்த்துட்டு, சாமான் ஏத்தின லாரி கிளம்பறப்போ படிக்கட்டுல விட்டுட்டுப் போற குடும்பங்களை நான் பார்த்திருக்கேன். பசியாலயும் தாகத்தாலயும் தவிக்கும்னு தெரிஞ்சே ஒரு பிராணியைக் கைவிடறது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உயிர்கள்கிட்ட இரக்கம் காட்டணும்னு அரசியல் சட்டத்தோட 51-ஏ பிரிவே குடிமக்களோட கடமையாச் சொல்லுது.

கொல்கத்தாவுல இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். பிராணிகளுக்காக இந்த ஊர் ரொம்ப நாளாவே யோசிச்சிருக்கு. கோல்ஸ்வொர்த்தி கிராண்ட்ங்கிற ஒரு ஓவியர் 1861-ல மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை இங்கேதான் தொடங்கினார், இந்தியாவிலேயே முதல் சங்கம் அது. டல்ஹவுசியில ரைட்டர்ஸ் பில்டிங் பக்கத்துல அவருக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கு. பல வருஷம் அந்தப் பக்கம் போய் வர்ற வங்கிக்காரங்க நாங்க யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பெல்காச்சியாவில 1893-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி, இப்ப மேற்கு வங்காள விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமா இருக்கு. நம்ம சென்னையில வேப்பேரி மாதிரி. எந்த ஊர்ல இருந்தாலும் இப்படி ஒரு இடம் இருக்கும். குட்டிக்கு உடம்பு சரியில்லாத ராத்திரியில தேடாதீங்க, இப்பவே தேடி வைங்க.

ஒரு சின்ன வேலை சொல்றேன், இன்னிக்கே செஞ்சுடுங்க. வீட்டுப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கால்நடை மருத்துவர்கள் நம்பர், அதுல ஞாயித்துக்கிழமை யார் இருப்பாங்க, பண்டிகை நாள்ல யார் இருப்பாங்கன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. (பூஜா நாலு நாளும் இந்த ஊர்ல எதுவும் நம்ம கணக்குப்படி நடக்காது!) ஆறு முதல் எட்டு வாரத்துல தடுப்பூசி ஆரம்பிக்கணும், புழு மருந்து அதுக்கும் முன்னாடியே. தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க.

அம்மா இப்பவும் ஞாயித்துக்கிழமை போன் பண்றாங்க. முதல்ல பேரப் பிள்ளைங்க, அப்புறம் என் பிரஷர் மாத்திரை, மூணாவதா "அந்தப் பைசா எப்படிடா இருக்கு, வயிறெல்லாம் சரியா?" ஓமத்தண்ணி பேச்சை எடுக்கிறதில்லை. நானும் எடுக்கிறதில்லை. ஆனா போன மாசம் அவங்களுக்கு ரெண்டு நாளா வயித்துக் கடுப்பு, "கஷாயம் வச்சுக் குடிச்சிருக்கேன், திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறேன்"னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல நின்ன பெரியவள் போனைப் பிடுங்கிட்டா.

"பாட்டி, திங்கக்கிழமை எல்லாம் வேண்டாம். இப்பவே கிளம்புங்க."

கிளம்பினாங்க. குடல்ல கிருமித் தொற்று, ரெண்டு பாட்டில் சலைன் ஏத்தி, இப்ப நல்லா இருக்காங்க.